தொடாமல் இருக்கத் தெரியாதவள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதல் இரண்டும் செத்துப்போன என் தம்பியின் பிள்ளைகள். எட்டும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கின்றன. மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் எழுதுவேன். யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் கொஞ்ச காலம் குடியிருந்த ஒருத்தியைப் பற்றி எழுதப் போகிறேன். பெயரை எழுத மாட்டேன். எங்கே இருக்கிறாள் என்று தெரியாத ஒருத்தியின் பெயரை எழுதிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அது போதும்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டின் மேல் எங்கள் வீடு. சுற்றிலும் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. தெற்கத்திப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து அறை எடுத்துத் தங்கினார்கள். அவர்களோடு அவளும் வந்தாள். ஒல்லியாக, உயரமாக, கையில் ஒரு பையும் ஒரு திருப்புளியுமாக. துணி மாற்றும் முன்னே ஜன்னல் கொக்கியைக் கழற்றி வேறு பக்கம் மாட்டினாள். கட்டிலைச் சுவர் ஓரமாகப் போட்டாள், பிறகு நடுவில் இழுத்தாள், பிறகு மறுபடியும் சுவருக்கே தள்ளினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடித்தேன். இவள் இங்கே நிலைக்க மாட்டாள் என்று அன்றைக்கே நினைத்தேன்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. டீ கொடுத்தால் பாதி டம்ளர் அம்மி மேல் இருக்கும், அவள் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஓடாததைச் சரி செய்வார்கள், அது ஊரில் எல்லாரும் செய்வது. இவளுக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால்தான் கை ஊறும். என் மிக்சி நன்றாகத்தான் அரைத்தது. அதைப் பிரித்து மாட்டினாள். இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. அப்போதும் அரைத்தது. “பாத்தீங்களா அத்தே, இந்த ரெண்டும் சும்மாத்தான் இருந்திருக்கு” என்றாள்.

என் சுவர்க் கடிகாரத்தையும் விடவில்லை. அது எப்போதுமே முன்னால் ஓடும். ஒருநாள் காலையில் அதைப் பார்த்து நிதானமாகக் கிளம்பி ரோட்டுக்குப் போனால், பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தேன். ஸ்டூல் இன்னும் கடிகாரத்துக்குக் கீழேயே கிடந்தது.

“இன்னாடி பண்ண அத?”

“பாஸ்ட்டா ஓடுச்சு அத்தே. சரியா வச்சுட்டேன்.”

“அது பாஸ்ட்டா ஓடுறது எனக்குத் தெரியாதா? அத நம்பித்தான்டி இத்தினி வருசமா பஸ்ஸைப் புடிக்கிறேன். வூட்டுக்காரி ஒருத்தி கீறாளே, கேட்டா இன்னா?”

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கோபம் பாதியில் நின்றுவிட்டது. அவள் சிரித்தால் எனக்கு அப்படித்தான் ஆகும். கடிகாரத்தை நானே மறுபடி முன்னால் திருப்பி வைத்தேன்.

முதலில் கம்ப்யூட்டர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றாள். அதை ஏன் விட்டாள் என்று கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வாள். அங்கே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முறுக்கிச் சரி பார்த்த பிறகு, அதன் தலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார்களாம். கோடு போட்டதை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. தொட்டால் சூப்பர்வைசர் வாயைத் திறப்பான்.

“கோடு போட்டுட்டா முடிஞ்சு போச்சா அத்தே? அதுக்கு மேல அது நல்லாவே ஆகாதா? ஷிப்ட்டு முழுக்கக் கோடு, கோடு, கோடு. எனக்கு மூச்சு முட்டிருச்சு.”

வேலையை விட்டுவிட்டு என் முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினாள். பாகம் பாகமாக மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவாள். ஹாஸ்டல் பையன்கள், சின்னக் கம்பெனிக்காரர்கள், படப்பையில் மனை விற்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். வருகிறவன் எல்லாம் ஒரே கேள்வி கேட்பான்: “அக்கா, முப்பத்திரண்டு போடலாமா, அறுபத்துநாலு போடலாமா?”

எனக்கு விளங்கிய வரைக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. முதலில் ஒரு சிடியைப் போட்டு அதற்கு வேலை செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தச் சிடி இரண்டு தினுசு. முப்பத்திரண்டு பழசு, எல்லாரும் வைத்திருப்பது. அறுபத்துநாலு அப்போதுதான் வந்தது. புதுப் பெட்டிகள் இரண்டையும் தாங்கும். எதைப் போடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றைப் போட்ட பிறகு மற்றதுக்கு மாற வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை வழித்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் ரோட்டைக் காட்டிச் சொல்லுவாள். அப்போது பெங்களூர் ரோட்டை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அகலப்படுத்தி முடித்திருந்தார்கள். “முப்பத்திரண்டு பழைய ரோடு. அறுபத்துநாலு இப்ப போட்டிருக்கது. ஒரே நேரத்துல எம்புட்டு லாரி போகுது பாத்தீங்களா?”

“லாரி போவுது சரி. என் தங்கச்சி வூட்டாண்ட பஸ்ஸு நிக்கிற எடத்த எடுத்துட்டானுங்க. இப்ப எங்கயோ எறக்கி வுட்டுட்டுப் போறான், அவ வெயில்ல நடந்து வர்றா” என்றேன் நான்.

அவள் பேச்சை மாற்றினாள்.

இப்போது என் கடைசிப் பெண்ணைச் சொல்ல வேண்டும். எஸ்தர். நாலு வயதில் அம்மை போட்டுக் கண் போனது. மெட்ராஸில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தாள். வருகிற போனை வாங்கி உள்ளே இணைத்துவிடும் டெலிபோன் போர்டு பழகினாள், கம்ப்யூட்டர் பழகினாள். கண் தெரியாதவள் எப்படிக் கம்ப்யூட்டர் பார்ப்பாள் என்று ஊர் கேட்டது. அவள் பார்க்க மாட்டாள், கேட்பாள். சிஸ்டர்கள் கொடுத்த ஒரு சிடி உண்டு. அதைப் போட்டால் திரையில் இருப்பதை ஒரு வெள்ளைக்காரன் குரலில் அது படிக்கும். அவள் தட்டுகிற எழுத்தை எல்லாம் சொல்லும். நாள் முழுக்க வீட்டில் அந்தக் குரல்தான். ‘குடக்கூலி தராத குடித்தனக்காரன்’ என்று அவனுக்கு நான் பெயர் வைத்திருந்தேன்.

அந்தச் சிடியோடு ஒரு ப்ளாப்பியும் கொடுத்திருந்தார்கள். அதில்தான் சாவி. சாவி என்றால் நம் வீட்டுச் சாவி மாதிரி இரும்பு இல்லை. ப்ளாப்பியிலிருந்து பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்தால்தான் குரல் முழுசாகப் பேசும். பெட்டியை மாற்றுவதானாலும் துடைப்பதானாலும், முதலில் சாவியைத் திரும்ப ப்ளாப்பிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் துடைத்தால் சாவி போனது போனதுதான். ப்ளாப்பியில் இருப்பதே கொஞ்சம் சாவிதான். எஸ்தர் அந்த ப்ளாப்பியைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

எங்கள் குடித்தனக்காரிக்கு எஸ்தர் மேல் உயிர். எஸ்தருடைய பழைய கம்ப்யூட்டர் மெதுவாகப் படிக்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கும். அதைப் பொறுக்க முடியாமல் இவள் தன்னிடம் இருந்த பாகங்களைச் சேர்த்துப் புதுசு ஒன்று கட்டிக் கொடுத்தாள். அறுபத்துநாலு தாங்கும் பெட்டி, ஆனால் முப்பத்திரண்டுதான் போட்டாள். சாவியை எஸ்தரே, இவள் இல்லாத நேரத்தில், முறையாக மாற்றிக்கொண்டாள். வெள்ளைக்காரன் மூச்சு வாங்காமல் படித்தான். பழைய பெட்டியை இவள் அந்த வாரமே பிரித்து யார் யாருக்கோ பாகமாகப் போட்டுவிட்டாள்.

சில மாதம் நிம்மதியாக ஓடியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“வாங்குனது அறுபத்துநாலு. ஓட்டுறது முப்பத்திரண்டு. பாதி சும்மா கெடக்குட்டி எஸ்தரு” என்று வருகிறபோதெல்லாம் பெட்டியைத் தட்டிக்கொண்டே போவாள்.

“கெடக்கட்டும்க்கா. ஓடுதுல்ல?” என்பாள் எஸ்தர்.

அப்போதுதான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியிலிருந்து டெலிபோன் போர்டு வேலைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். கண் தெரியாதவள் கம்ப்யூட்டரில் நம்பர் எடுப்பாளா, லெட்டர் அடிப்பாளா என்று அங்கிருந்த அதிகாரிக்குச் சந்தேகம். அவர்களுடைய கம்ப்யூட்டர் பேசாது. “உங்க மெஷினையே கொண்டாந்து செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்” என்று போனில் சொன்னார். எட்டுப் பிள்ளையில் ஏழுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்பதே அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை. அந்த வெள்ளிக்கிழமையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாரம் நடமாடினேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு. நானும் எஸ்தரும் கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். வாசலிலேயே அவள் நின்றிருந்தாள். ஒரு காலில் நிற்பதும் மறு காலுக்கு மாறுவதுமாக, முகம் முழுக்கப் பல்.

“எஸ்தரு, ஓடியா, ஒக்காரு. ஒனக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்.”

எஸ்தர் உட்கார்ந்தாள். விரலை எழுத்துகள் மேல் வைத்துத் தட்டினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள்.

திரை பளபளவென்று இருந்தது. புதுப் படம், புது நிறம். எங்கள் கண்ணுக்கு அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தருக்கு மட்டும் அங்கே ஒன்றுமே இல்லை.

“ஏன்க்கா பேசல?”

“அறுபத்துநாலு போட்டிருக்கேன். வெள்ளிக்கெழம சும்மா பறக்கணும்லா? ஒன் பேசுற சிடி மட்டும் பாக்கி. எங்க, எடு, ஏத்திருவோம்.”

எஸ்தர் எடுத்துக் கொடுத்தாள். இவள் போட்டாள். அது ஏறவில்லை. இந்தத் தினுசில் நான் ஏற மாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. மறுபடி போட்டாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், வேறு மாதிரி போட்டாள். எத்தனை முறை போட்டாலும் அதே பதில்.

“அக்கா, தொடைக்கிறதுக்கு முன்னாடி சாவிய எடுத்தீங்களா?” என்று எஸ்தர் மெல்லக் கேட்டாள்.

“என்ன சாவி?”

சாவி இருப்பதே அவளுக்குத் தெரியாது. எஸ்தர் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. எஸ்தர் பைபிளைத் திறந்து ப்ளாப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் இன்னும் ஒரே ஒரு சாவி இருந்தது. அதுவும் வீணானால் வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் கத்தியிருப்பேன். ஆனால் குடித்தனக்காரியின் முகத்தைப் பார்த்தேன். கத்தவில்லை.

அத்தோடு விட்டுவிட்டு மறுபடி முப்பத்திரண்டையே போட்டிருந்தால் அவள் அவளாக இருந்திருக்க மாட்டாள். திங்கட்கிழமை காலையில் மெட்ராஸ் கடைக்காரனுக்குப் போன் போட்டாள். அறுபத்துநாலில் பேசுகிற மாதிரி புதுசு ஒன்று வரப்போகிறது, வியாழக்கிழமைக்குள் ஒரு காப்பி கிடைத்தாலும் கிடைக்கும், அந்தச் சாவியே அதற்கும் ஏறினாலும் ஏறும் என்று அவன் சொன்னானாம். முன்னறைக்கும் ரோட்டுக்கும், ரோட்டுக்கும் முன்னறைக்கும் நடந்தாள்.

“ஏறிட்டா பாருங்க அத்தே, கம்பெனிக்காரன் அசந்துருவான்.”

“ஏறலன்னா?”

“ஏறும் அத்தே.”

“ஏறலன்னான்னு கேட்டேன்.”

கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

“நீதான சொன்ன, அது அகலமான ரோடுன்னு. எத்தினி லாரி வேணாப் போவட்டும். என் பொண்ணு எறங்குற எடம் அதுல இல்ல. பழைய ரோட்டுலதான் கீது. அவள அங்க கொண்டுபோய் வுடு.”

எஸ்தர் எங்கள் பக்கம் திரும்பினாள். “அவரு அசர வேணாம்க்கா. அது படிக்கிறது எனக்குக் கேட்டாப் போதும்” என்றாள்.

குடித்தனக்காரி தாழ்ப்பாளை விட்டாள். முப்பத்திரண்டு சிடியை எடுத்துப் போட்டாள். அது ஏறி முடிக்க வெகு நேரம் ஆகும். திரையில் ஒரு பட்டை எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்துக்குள் என் குழம்புச் சட்டியைக் கழுவினாள், கொடியில் காய்ந்த துணியை மடித்தாள், ஃபேனைப் போட்டாள், நிறுத்தினாள். எஸ்தர் பெட்டிக்கு எதிரே ப்ளாப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

சாவி போடும் நேரம் வந்தது. இவள் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, நீட்டிய கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீயே போடுட்டி.”

எஸ்தர் விரலால் தடவி இடம் பார்த்து ப்ளாப்பியைச் செருகினாள். கர்ரென்று சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நான் வேண்டிக்கொள்ளக்கூட மறந்து நின்றேன். பிறகு அந்தக் குடக்கூலி தராதவன் வாயைத் திறந்தான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது. எஸ்தர் சிரித்தாள். கோவில்பட்டிக்காரி தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தன் பையைக் குடைந்து நகப்பூச்சு எடுத்துவந்தாள், சிவப்பு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருந்த ஸ்க்ரூக்களை இறுக முறுக்கி, ஒவ்வொன்றின் தலை மேலும் ஒரு கோடு இழுத்தாள். எஸ்தரின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள்.

“காய்ஞ்சதும் கொஞ்சம் தடிப்பாத் தெரியும். இது ஒடஞ்சிருந்தா நான் தொட்டிருக்கேன்னு அர்த்தம். தெனமும் தடவிப் பாரு.”

“சூப்பர்வைசரு வேலைய எனக்குக் குடுக்குறீங்களாக்கா?” என்றாள் எஸ்தர்.

வெள்ளிக்கிழமை ஷேர் ஆட்டோவில் போனோம். வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நெரிசல். பெட்டியை மேலே கட்டிவிடலாம் என்றான் டிரைவர்.

“மேல போட மாட்டேன்.”

“அக்கா, அது இன்னா கொயந்தையா, மடியிலயே வச்சிக்கினு வர்ற?”

“ஆமா. ஓட்டு.”

வழியெல்லாம் பள்ளம். அவள் இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட நகராமல், திரும்பாமல் வந்தாள். கால் மரத்துப் போயிருக்கும். காலை மாற்றக்கூட இல்லை.

பெட்டியை உள்ளே வைத்துக் கம்பியெல்லாம் மாட்டியதும் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், பழையபடி நடை பிடித்துக்கொண்டது. கேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். “யம்மா, ஒரு எடத்துல நில்லும்மா, தல சுத்துது” என்று செக்யூரிட்டி கெஞ்சினார்.

“உள்ள கரண்டு ஏற எறங்க இருக்குமோ அத்தே? ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வாரேன்.”

“கோடு போட்டுட்ட இல்ல? நில்லு.”

நின்றாள். எனக்கும் எட்டிப் பார்க்க ஆசைதான், காட்டிக்கொள்ளவில்லை.

எஸ்தர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். பெட்டியும் அங்கேயே வேலை செய்யட்டும் என்று கேட்டார்களாம்.

“அந்த ஆபீசர் கேட்டாருக்கா, இது அறுபத்துநாலு ஓடுற மெஷின் ஆச்சே, ஏன் பழசப் போட்டு வச்சிருக்கீங்கன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“இதுதான் சார் எங்கிட்டப் பேசுதுன்னேன்.”

மழைக்காலம் வந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். ஓசூர் என்றாள், பிறகு பூனா என்றாள். போகிற அன்றைக்கும் வாசல் வரை போனவள் திரும்பி வந்து சுவரைப் பார்த்தாள்.

“அத்தே, கடியாரம் இன்னும் பாஸ்ட்டாத்தான் ஓடுது.”

“ஓடட்டும்.”

“ஓடட்டும்” என்று அவளும் சொல்லிவிட்டுப் போனாள். அறையைப் பெருக்கப் போனபோது ஜன்னல் கொக்கி பழைய பக்கத்துக்கே மாறியிருந்தது.

அந்தப் பெட்டி கம்பெனியில் பல வருஷம் உழைத்தது. அவர்கள் புதுசு வாங்கிப் பேச வைத்த பிறகு பழசை எஸ்தர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பரணில் இருக்கிறது. தூசு தட்ட இறக்கும்போதெல்லாம் அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். ஒரு கோடும் உடையவில்லை.

எஸ்தரின் மகள் என் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு துருதுருவென்று உட்கார்ந்திருக்கிறாள். அம்மாச்சி, இங்கே கால் விட்டுப் போச்சு, அங்கே கொம்பு தப்பு என்று கைக்கு அரிக்கிறது அவளுக்கு. பேனாவை மூடி வை கண்ணு. நான் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். உங்க அம்மா அதோ வந்து உட்கார்ந்துவிட்டாள். எதையும் தொடாமல், முதலிலிருந்து, சத்தமாகப் படி.